பொதுக் கணக்கேடும் முதல் வரியும்

மலைநாட்டிற் பறிக்கப்பெறும் கொழுந்து, கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திற் கப்பலேறுமுன் பல கை மாறுகின்றது. தோட்டத்தார், தொழிற்சாலையார், தரகர், ஏற்றுமதியாளர் யாவரும் தத்தம் ஏட்டையே நம்புவர். 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமே 2020இற் கணினிக்கு மாறிவிட்டது. இவ்வேடுகளையும் ஒன்றாக்கினால் என்ன?

அதற்கு வழி கூறுவதே 'புளொக்செயின்' முறை. அஃது அனைவரிடமும் பிரதியுள்ள பொதுக் கணக்கேடு; எழுதிய வரியை எவரும் மறைவில் மாற்றுதல் அரிது. ஐ.பி.எம். துணையுடன் இதனைச் சோதித்த வோல்மார்ட், மாம்பழம் வந்த வழியை அறிய ஏறத்தாழ 7 நாள் சென்றதை 2.2 செக்கனாகக் குறைத்தது. ஆயினும், மெயர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் 2018இல் தொடங்கிய ட்ரேட்லென்ஸ் தளம், துறையினர் முழுமையாக ஒத்துழையாமையால் 2023இல் மூடப்பட்டது. கருவி இருந்தது, பகிரும் மனம் இருக்கவில்லை.

இன்னுமொன்று. மாற்றவியலாத ஏட்டிற் பொய்யை எழுதினால், பொய்யே நிலைத்துவிடும். தராசடியில் எழுதப்படும் கொழுந்தின் எடையே தேயிலைக் கணக்கின் முதல் வரி. அதனைப் பார்க்கவும், தவறெனின் மறுத்துரைக்கவும் பறித்தவளுக்கு உரிமை வேண்டும். அவ்வுரிமை இல்லையேல், பொதுக் கணக்கேடு என்னும் பெயர் பொருந்தாது என்பது எம் கருத்து.

கணினி கற்று நாளை வணிக நிலையங்களில் அமரவிருக்கும் நம் மாணவர், அம்முதல் வரியை மறவாதிருப்பாராக!