வாசலை அடைக்காதீர்கள்: டாலிகஞ்சின் அவசரகாலப் பாதுகாப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

கொல்கத்தாவின் டாலிகஞ்சிலும் லேக் மார்க்கெட் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நலச் சங்கம் இந்த அறிக்கையை வெளியிடுகிறது. ஆபத்து வந்தால் முதல் அரை மணி நேரம் அக்கம்பக்கத்தாரின் கையில்தான் இருக்கிறது. தீயணைப்பு வண்டியும் மீட்புப் படையும் பெரும்பாலும் அதற்குப் பிறகே வந்து சேரும். ஆகவே நகரத்தின் பேரிடர்த் திட்டம் பாராவிலிருந்து, அதாவது நாம் குடியிருக்கும் தெருவிலிருந்து தொடங்க வேண்டும். உள்நாட்டுப் பாதுகாப்புக்காகச் செய்யும் செலவிலும் பயிற்சியிலும் தெருவுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு டாலிகஞ்சை ஒட்டிய டாக்குரியாவே சாட்சி. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் அங்கிருந்த ஆம்ரி மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. எளிதில் பற்றக்கூடிய பொருள்கள் அங்கே குவிந்து கிடந்தன. கண்ணாடியால் மூடிய கட்டடம் என்பதால் புகை வெளியேற வழியில்லாமல் ஏ.சி. குழாய்கள் வழியே மேல்மாடி வார்டுகளுக்கு ஏறியது. சுமார் 90 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பில்லை, புகை. பக்கத்திலுள்ள பஞ்சானன்தலா குடிசைப் பகுதியினர் புகையை முதலிலேயே பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள். வாசலில் காவலாளிகள் தங்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாகப் பின்னர் அவர்கள் சொன்னார்கள். அதே ஆட்கள்தான் பிறகு மூங்கிலையும் கயிற்றையும் கொண்டுவந்து, ஏறி, நோயாளிகளை இறக்கினார்கள். உள்ளே கேரளத்தைச் சேர்ந்த இரு இளம் செவிலியர் எட்டு நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டுத் தாங்கள் உயிர் விட்டார்கள். அந்தக் கட்டடத்தில் இல்லாத எந்தக் கருவியையும் விட, வாசலில் மறுக்கப்பட்ட அந்த நேரம்தான் எங்களை அதிகம் உறுத்துகிறது.

கொல்கத்தாவில் 2025 ஏப்ரல் 29 இரவு மேச்சுவா பழச்சந்தை அருகே ஒரு ஹோட்டலில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தனர். கரூரிலிருந்து வந்திருந்த குடும்பத்தின் இரு குழந்தைகளும் தாத்தாவும் அவர்களில் அடக்கம். அங்கும் பெரும்பாலும் புகைதான் எமன். இத்தனை ஆண்டுகளில் நகரம் என்ன கற்றுக்கொண்டது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

தீ ஒருபுறம் இருக்கட்டும், தண்ணீருக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 நள்ளிரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் ஜோத்பூர் பார்க்கில் 285 மி.மீ., கரியா காம்டஹரியில் 332 மி.மீ. மழை கொட்டியது. துர்கா பூஜைக்குச் சில நாள்களே இருந்த நேரம். டாலிகஞ்சுக்குப் பெயர் தந்த வில்லியம் டாலி 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் தோண்டிய கால்வாய், ஆதி கங்கை, இன்றும் நம் பகுதியின் வடிகால். அதன் நடுவே மெட்ரோ பாதையின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஹூக்ளி ஆற்றில் ஓதம் ஏறியிருக்கும்போது மதகுக் கதவுகளை மூடியாக வேண்டும். அந்நேரம் பெய்கிற மழை தெருவில் தேங்கும். இதை எந்த ஆட்சியாலும் ஒரே மழைக்காலத்தில் மாற்றிவிட முடியாது.

ஆனால் அன்று இறந்த சுமார் பத்துப் பேரில் பெரும்பாலோர் வெள்ளத்தில் மூழ்கி இறக்கவில்லை, மின்சாரம் தாக்கி இறந்தார்கள். முதலமைச்சர் மின் விநியோக நிறுவனத்தைக் குற்றம் சாட்டினார். நிறுவனமோ, வீட்டுக்குள் போன கம்பி, தெருவிளக்குக் கம்பம் என்று தன் பொறுப்பில் இல்லாதவற்றைக் கைகாட்டியது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க நாங்கள் வரவில்லை. டாலிகஞ்சின் பழைய வீடுகளுக்குள் நுழைந்து பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், ஏழெட்டு மின் மீட்டர்கள் ஒரே மரப்பலகையில் தொங்கும். பக்கத்தில் ஒரு சைக்கிள், பழைய செய்தித்தாள் கட்டு. தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் தொடுவது அந்தப் பலகையைத்தான். மழை கொட்டிய அந்த இரவில் ஒவ்வொரு கட்டடத்திலும் மெயினை எப்போது அணைப்பது என்று தெரிந்த ஓர் ஆள் விழித்திருந்திருக்க வேண்டும்.

2025 மே 7 அன்று நாடு முழுவதும் 244 மாவட்டங்களில் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடத்த மத்திய அரசு உத்தரவிட்டது. 1971 போருக்குப் பிறகு அதுவரை இப்படியொன்று நடந்ததில்லை. நாங்கள் அதை வரவேற்கிறோம். ஆனால் சங்கு ஊதுவதோடு பயிற்சி நின்றுவிடக் கூடாது. 1968ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 2009இல் செய்த திருத்தமே பேரிடர்ப் பணியையும் அந்தத் தொண்டர்களிடம் ஒப்படைத்திருக்கிறது. எதிரி விமானம் வராத 364 நாளும் அவர்களுக்கு வேலை உண்டு.

பாதுகாப்பு என்றால் எதிரி மட்டுமே என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைக் கவனிக்கலாம். 2001 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு உருவான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் 2003இல் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவையும் சேர்த்தார்கள். கவனமெல்லாம் பயங்கரவாதத்தின் மேல் போனது. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது அந்த அமைப்பு தடுமாறி நின்றது. மறு ஆண்டே சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

இங்கே சட்டம் இப்போது வழிவிட்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்கு 2025இல் வந்த திருத்தம், மாநிலத் தலைநகரங்களிலும் மாநகராட்சி உள்ள பெருநகரங்களிலும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க இடம் தருகிறது. மாநகராட்சி ஆணையரே அதன் தலைவர். கொல்கத்தாவில் இந்த ஆணையம் வார்டு அளவில் கிளை விட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. தேசிய பேரிடர் மீட்புப் படையின் இரண்டாம் பட்டாலியன் நதியா மாவட்டத்து ஹரிங்காட்டாவில் இருக்கிறது. அவர்கள் திறமைசாலிகள்தான், ஆனால் பஞ்சானன்தலாவாசிகளை முந்திக்கொண்டு வர அவர்களால் முடியாது.

பயிற்சியில்லாத கூட்டம் மீட்புக்கே இடைஞ்சல் என்பார்கள். மறுக்க மாட்டோம். துணிச்சல் மட்டும் போதாது என்பதை 2021 மார்ச்சில் ஸ்ட்ராண்டு ரோடு ரயில்வே கட்டடத் தீ காட்டியது. இறந்த ஒன்பது பேரில் தீயணைப்பு வீரர்களும் இருந்தார்கள். எரியும் கட்டடத்தில் லிஃப்டைப் பயன்படுத்தியதே பெரும் தவறாய்ப் போயிற்று. அதனால்தான் பாரா க்ளப்புகளுக்குப் பயிற்சி கேட்கிறோம். பூஜைப் பந்தல் போடும் அந்தப் பையன்களிடம் மூங்கில் இருக்கிறது, கயிறு இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் யார் படுக்கையில் கிடக்கிறார் என்ற விவரமும் இருக்கிறது. 2020 மே மாதம் ஆம்பன் புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்து, மின்சாரமும் தண்ணீரும் நாள்கணக்கில் நின்றபோது, ராணுவம் வரும் வரை இவர்களைப் போன்றவர்களைத்தான் தெருக்கள் நம்பியிருந்தன. ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பூஜைக்கு முன்னும், இவர்களுக்கு முறையான பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுங்கள். அந்த அட்டையைக் காட்டினால் மருத்துவமனையோ, ஹோட்டலோ, சினிமா ஸ்டூடியோவோ வாசலைத் திறக்கக் கடமைப்பட்டிருக்க வேண்டும். ஊரே வேடிக்கை பார்க்கும் டாலிகஞ்ச் ஸ்டூடியோக்களில் பலகையும் துணியும் வண்ணமும் நிறைந்த செட்டுகள் நிற்பதை யாரும் மறக்க வேண்டாம்.

எங்கள் பங்குக்கு, உறுப்பினர் குடும்பங்களில் தனியாக வாழும் முதியோரின் பட்டியலைத் தயாரித்து, அவரவர் சம்மதத்தோடு வார்டு அலுவலகத்திடம் ஒப்படைப்போம். மொழி புரியாமல் தவிக்கும் புதிதாய் வந்தவர்களுக்கு எச்சரிக்கைகளைத் தமிழில் அனுப்புவதும் எங்கள் பொறுப்பு.

இதைப் படிக்கும் உறுப்பினர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் கட்டடத்தின் மடக்குக் கம்பிக் கதவை இரவில் பூட்டுகிறவர் யார், சாவி எங்கே இருக்கிறது, மெயின் சுவிட்ச் எது என்று இந்த வாரத்துக்குள் விசாரித்து, பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். மாடிப்படியில் நிற்கும் சைக்கிளை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.