கார்பரேட்டரை விட்டுத் தொலைங்கய்யா!

மொதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்லை. இன்ஜினியரிங் முடிச்சுட்டு எல்லாரையும் போல பொட்டி தட்டப் போனவன். படிச்சது மெக்கானிக்கல் கூட கிடையாது, எலக்ட்ரானிக்ஸ். அதனால "உனக்கென்ன தெரியும்?"னு கேக்கறவங்க தாராளமா கேக்கலாம். நாலு மாசமா ஊர்ல அத்தனை பேரும் கேட்டாச்சு, நீங்களும் கேட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது.

வண்டி தாத்தாவோடது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 67 மாடல். இங்கிலாந்துல 1959ல வந்த டிரையம்ப் ஹெரால்டை 1961லேர்ந்து நம்ம மெட்ராஸ்லயே ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரிச்சது. இத்தாலிக்காரர் மிக்கெலோத்தி வரைஞ்ச டிசைன். 948 சிசி, நாலு சிலிண்டர். பானெட்டைத் திறந்தா மட்கார்டோட சேர்ந்து மூஞ்சி மொத்தமும் முன்பக்கமா சாயும், டயர் மேல உக்காந்துகிட்டே இன்ஜின் வேலை பாக்கலாம். இவ்வளவு வசதியா திறந்து காட்டற வண்டியை, உள்ள எட்டிப் பாக்காமலே வைத்தியம் பாத்தாங்க பாருங்க, அதான் என் வயித்தெரிச்சல்.

வியாதி இதுதான். ஐடிலிங்ல சமத்தா நிக்கும். ஊருக்குள்ள பாதி ஆக்சிலரேட்டர்ல போனா இடிக்கும், திணறும், சைலன்சர்ல டமார்னு வெடிக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருதடவை வெடிச்சதுல பக்கத்துல நின்ன மாடு மிரண்டு, பழவண்டிக்காரர் என் பரம்பரையையே விசாரிச்சார்.

மெக்கானிக் அண்ணன் சத்தத்தைக் கேட்டார். ஒரே வார்த்தை: "கார்பரேட்டர் தம்பி." கழட்டினார், கழுவினார், மாட்டினார். வெடிச்சது. "டேங்க்ல துரு." டேங்கை இறக்கிக் கழுவினோம். வெடிச்சது. "பெட்ரோல் பத்தல"ன்னு ஜெட்டை ஊசியால குத்திப் பெரிசாக்கினார். அதுக்கப்புறம் வெடிச்சதும் இல்லாம பிளக் நாலும் அடுப்புக்கரி ஆச்சு. ஆக இப்ப வியாதி ரெண்டு. அடுத்து "எல்லாம் இந்த எத்தனால்தான் தம்பி". கடைசியா வந்தது பாருங்க முத்து: "பேசாம ஆம்னி இன்ஜினைத் தூக்கி வெச்சிடலாம், அம்சமா ஓடும்." அதுவரைக்கும் என் பர்ஸ்லேர்ந்து போனது 14 ஆயிரம். அப்பா வேற, "வந்த விலைக்குக் குடுத்துடுடா, அப்பா போனப்பவே அதுவும் போயிடுச்சுன்னு நெனச்சுக்கறேன்"னு சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

எத்தனால் விஷயத்துல ஒரு நியாயம் இருக்கு, மறைக்கல. 2025ல 20 சதவீதக் கலப்புக்கு வந்துட்டோம். பழைய வண்டி ரப்பர் ஹோஸை அது அரிக்கும், கலவையும் கொஞ்சம் லீன் ஆகும். ஹோஸ் எல்லாம் மாத்திட்டேன். ஆனா எத்தனால் காரணம்னா அது ஐடிலிங்ல மட்டும் லீவு எடுத்துக்குமா என்ன?

இப்ப நான் நிஜமாவே கோவப்படற இடத்துக்கு வரேன்.

ஒருநாள் வண்டி ஸ்டார்ட்டே ஆகல. பட்டறைப் பையன் (பதினேழு வயசு இருக்கும்) ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு, வாட்டர் பாட்டில்லேர்ந்து பெட்ரோலை கார்பரேட்டர் வாயில ஊத்தினான். அண்ணன் சாவியைத் திருகினார். பக்குனு ஒரு நெருப்பு, கார்பரேட்டர் வாய் வழியா மேல வந்தது. பையனுக்குப் புருவமும் முன்முடியும் பொசுங்கிச்சு. பாட்டிலை அவன் பின்னால வீசினதாலதான் பொழைச்சான். நான் ஈரச்சாக்கைத் தூக்கிப் போட்டு அணைச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க! "தீபாவளி தம்பி"ன்னு. எனக்குக் கை நடுக்கம் நிக்க அரைமணி ஆச்சு.

அய்யா, சாமி, இதைப் படிக்கற யாராவது இந்தப் பழக்கம் வெச்சிருந்தா இன்னிக்கே விட்டுடுங்க. இன்டேக் வால்வு திறந்திருக்கற நேரத்துல தப்பா ஒரு ஸ்பார்க் விழுந்தா நெருப்பு வர்ற வழி கார்பரேட்டர்தான். ஏர் ஃபில்டர் இருந்தா கொஞ்சமாவது தடுக்கும். அதையும் கழட்டிட்டு, மூஞ்சியை மேல வெச்சுகிட்டு, கையில பெட்ரோல் பாட்டிலோட நிக்கறதுக்குப் பேரு அனுபவமா? பேக் ஃபயர் கெத்துன்னு ஸ்டேட்டஸ் போடற பழைய வண்டிப் பிரியர்களுக்கும் இதேதான்.

வெடி எல்லாம் ஒரே வெடி இல்லை. முன்னாடி கார்பரேட்டர்ல துப்பினா ஒரு கதை: கலவை லீன், எங்கயோ காத்து இழுக்குது, இன்டேக் வால்வு சரியா மூடல, டைமிங் தப்பு, இல்ல பிளக் வயரை 1-3-4-2ங்கற வரிசை மாத்தி மாட்டியிருக்கு. பின்னாடி சைலன்சர்ல வெடிச்சா வேற கதை: சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் வெளிய போய் அங்க எரியுது. அப்போ ஏன் எரியலன்னு கேக்கணும். ஸ்பார்க் விட்டு விட்டு வருதோ? முதல்ல எங்க வெடிக்குது, எப்ப வெடிக்குதுன்னு பாக்கணும். இந்த ரெண்டு கேள்வியை நாலு மாசத்துல ஒருத்தர் கேக்கல. நானும் கேக்கல, அது வேற விஷயம்.

கேட்டது எங்கம்மா. "ஏன்டா, மேம்பாலம் ஏறும்போது சத்தமே இல்ல, சமமான ரோட்டுலதான வெடிக்குது?"

தூக்கிவாரிப் போட்டுச்சு. மேம்பாலத்துல நான் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கறேன். அப்ப நல்லா ஓடுது. பெட்ரோல் பத்தலன்னா அப்பதானே அதிகமா திணறணும்! ஐடிலிங்லயும் இல்லாம, ஃபுல் த்ராட்டில்லயும் இல்லாம, பாதி மிதிச்சா மட்டும் வேலை செய்யறது இந்த இன்ஜின்ல என்ன இருக்கு? வேக்குவம் அட்வான்ஸ். கார்பரேட்டர்லேர்ந்து டெல்கோவுக்கு (டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் பட்டறைப் பேரு) ஒரு சின்ன டியூப் போகும். பாதி மிதிச்சா உறிஞ்சும், உள்ள இருக்கற தட்டு கொஞ்சம் திரும்பி ஸ்பார்க்கை முன்னால தள்ளும். முழுசா மிதிச்சா உறிஞ்சல் விழுந்துடும்.

டியூபைக் கழட்டி அடைச்சுட்டு ஒரு ரவுண்டு போனேன். ஒரு வெடி இல்லை. பைசா செலவில்லை. வந்து டெல்கோ மூடியைத் திறந்து, பிளாட்டினத்துக்குப் போற வயர்ல மல்டிமீட்டரை பீப்ல வெச்சுட்டு, டியூபை வாயால உறிஞ்சினேன். தட்டு திரும்புச்சு, பீப் நின்னுச்சு. விட்டா திரும்பவும் பீப். வயரோட மேல்தோல் அப்படியே இருக்கு, உள்ள செம்புக்கம்பி அத்தனையும் அறுந்து ஒண்ணுக்கொண்ணு சும்மா ஒட்டிகிட்டு இருக்கு. இழுத்தா ரப்பர் மாதிரி நீளுது. 3000 ஆர்பிஎம்ல பிளாட்டினம் நொடிக்கு நூறு தடவை திறந்து மூடணும், இந்த வயரை நம்பி! அது விட்டுப்போற நேரம் காயில் கண்ட நேரத்துல ஒரு ஸ்பார்க்கும் அடிச்சுடும். பையன் புருவம் பொசுங்கின கதை அதுவாத்தான் இருக்கணும்.

மெல்லிசான பல இழை வயரா வாங்கி மாட்டினேன், அறுபது ரூபா. பிளாட்டினம் கேப்பை 15 தௌவுக்கு, அதாவது 0.38 மில்லிமீட்டருக்கு வெச்சேன். ஊசி குத்தின ஜெட்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஜெட். அவ்ளோதான்.

மெக்கானிக் அண்ணன் திருடன் இல்லை. இதையும் சொல்லணும். அவர் ரெண்டு மணிநேரம் யோசிச்சுட்டு, பில்லுல "யோசித்த கூலி 500"ன்னு எழுதினா நான் குடுத்திருப்பேனா? சண்டைக்குப் போயிருப்பேன். ஒரு சாமானை மாத்தி பழசைக் கையில குடுத்தாதான் நமக்குக் காசு எடுக்க மனசு வருது. ஆபீஸ்ல மட்டும் என்ன வாழுது? லாக் படிக்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டு "இஷ்யூ ரிசால்வ்டு"ன்னு மெயில் போடற கூட்டத்துல நானும் ஒருத்தன். ஆனா எங்க சர்வர் வெடிச்சு யாருக்கும் புருவம் பொசுங்கினதில்லை.

போன வாரம் அப்பாவே வண்டியை எடுத்துட்டு கோயிலுக்குப் போயிட்டு வந்தார். விக்கற பேச்சை இப்ப எடுக்கறதில்லை. எறக்கத்துல ஆக்சிலரேட்டரை விட்டா மட்டும் லேசா பட் பட்னு ஒரு சத்தம் இருக்காம். சைலன்சர் ஜாயின்ட்ல காத்து இழுக்குதுன்னு நெனைக்கறேன், ஞாயித்துக்கிழமை கீழ படுத்துப் பாக்கணும். அதுவரைக்கும் யாராவது வந்து "கார்பரேட்டர்"னு ஆரம்பிச்சீங்க, நடக்கறதே வேற :)