கரும்பங்காட்டில் பிறந்த பெருநாள்



தைப்பொங்கலுக்கு வாசலில் சாய்த்து வைத்த கரும்பைக் கடித்து முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பினாங்குச் சந்தைகளில் மறுபடியும் கரும்புக் கட்டுகள் வந்து இறங்கப்போகின்றன. இம்முறை சீனப் பெருநாளுக்கு. வேரும் தோகையும் வெட்டாத முழுக் கரும்புகள், ஜோடி ஜோடியாக, நடுவில் சிவப்புக் காகிதம் சுற்றியிருக்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஹொக்கியன் மக்கள்.

சந்திர நாட்காட்டிப்படி வருவதால் சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் எந்த நாளிலும் பிறக்கலாம். இந்த 2026இல் பிப்ரவரி 17 அன்று குதிரை ஆண்டு பிறக்கிறது. ஆனால் ஹொக்கியன் வீடுகளில் முதல் நாளைவிட ஒன்பதாம் நாளுக்குத்தான் மவுசு அதிகம். அதற்கு அவர்கள் ஒரு கதை சொல்வார்கள். தென்சீனாவின் ஃபூஜியான் கரையோரத்தில், புத்தாண்டு நேரம் பார்த்து ஊருக்குள் எதிரிகள் புகுந்தார்கள். கடற்கொள்ளையர் என்பார் சிலர், படைவீரர்கள் என்பார் சிலர். சனங்கள் குழந்தை குட்டிகளோடு கரும்பங்காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். நாட்கணக்காக மூச்சு காட்டவில்லை. ஒன்பதாம் நாள் ஆபத்து நீங்கி வெளியே வந்து பார்த்தால், அன்று வானுலகின் அரசரான தீ கோங்கின் பிறந்தநாள். உயிரைக் காத்த கரும்பையே வெட்டி அவருக்குப் படைத்தார்கள்.

இன்றும் எட்டாம் நாள் இரவில் அந்தப் படையல் நடக்கிறது. பழைய சீனக் கணக்கில் இரவு 11 மணிக்கே அடுத்த நாள் பிறந்துவிடும். எல்லாரும் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். ஜார்ஜ்டவுனின் சூ ஜெட்டியில், கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றிக் கட்டிய வீடுகளின் மக்கள் நீண்ட மேசைகளை வரிசையாகப் போட்டுப் பலகாரங்களை அடுக்குவார்கள். அதில் என் கண் எப்போதும் போய் நிற்பது ‘ஆங் கூ’வின் மேல்தான். பாசிப்பயற்றுப் பூரணத்தைப் பசையரிசி மாவில் பொதிந்து, ஆமை ஓட்டு அச்சில் அழுத்தி, வாழையிலைத் துண்டின்மேல் வைத்து ஆவியில் அவித்தெடுத்த சிவப்புப் பலகாரம் அது. ஆமை நீண்ட ஆயுளுக்கு அடையாளம். ஓட்டின் கோடுகள் ஒன்றுகூட மழுங்காமல் பலகாரத்தில் விழுந்திருக்கும். மேசையின் இருபுறமும் கரும்பு நிற்கும். வழிபாடு முடிந்ததும் தங்கக் காகிதங்களைக் குவித்துக் கொளுத்தி, கரும்பையும் அதே தீயில் போட்டுவிடுவார்கள்.

சீனப் பெருநாளின் அதிர்ஷ்டச் சடங்குகள் என்றதும் பணம், பணம் என்று அலையும் ஆசைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பொன்னிறக் கட்டிகள், செல்வத்தின் தெய்வம், சிவப்பு உறைகள் எல்லாம் அப்படி நினைக்க வைப்பதில் வியப்பில்லை. நான் வேறுமாதிரி பார்க்கிறேன். இந்தச் சடங்குகளை ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தால் அடியில் கிடப்பது பேராசை அல்ல, பயம். பனிக்காலத்தையும் பஞ்சத்தையும் கடன்காரனையும் தாண்டி, பிள்ளைகளோடு இன்னொரு வசந்தத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் நிம்மதி அதன்மேல் படிந்திருக்கிறது.

பட்டாசையே எடுத்துக்கொள்ளுங்கள். யாங்சி ஆற்றுப்படுகை மக்களின் ஆண்டுப் பழக்கங்களை 6ஆம் நூற்றாண்டில் சோங் லின் என்பவர் எழுதிவைத்தார். புத்தாண்டு அன்று கோழி கூவும் நேரத்தில் எழுந்து முற்றத்தில் மூங்கிலை வெடிக்கச் செய்வார்கள், தீய ஆவிகள் ஓடிப்போக, என்கிறது அந்தக் குறிப்பு. பச்சை மூங்கிலைத் தீயில் போட்டால் கணுக்களுக்குள் அடைபட்ட காற்று சூடேறிப் படாரென்று வெடிக்கும். வெடிமருந்து பிற்பாடு வந்தது. சீனக் கோயில் கதவுகளில் ஆயுதம் ஏந்தி நிற்கும் இரண்டு தளபதிகளும் பயத்துக்குக் காவல் வந்தவர்கள்தாம். தாங் வம்சத்துப் பேரரசர் தாய்சோங், ஆவிகளின் தொல்லையால் தூக்கமின்றித் தவித்தாராம். சின் சியோங், யூச்சி கோங் என்ற தளபதிகள் இரவெல்லாம் வாசலில் நின்ற பிறகே உறங்கினாராம். பாவம், தினமும் அவர்களை நிற்க வைப்பதா என்று படம் எழுதி ஒட்டச் சொன்னதாகக் கதை. பேரரசருக்கே அந்த நிலை என்றால் குடிசையில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவின் கதையும் இதே வழியில்தான் போகிறது. ‘சுய்’ என்றொரு கெட்ட ஆவி, ஆண்டின் கடைசி இரவில் வந்து, உறங்கும் குழந்தைகளின் தலையைத் தொடும். தொட்டால் காய்ச்சல் கண்டு புத்தி பேதலிக்கும். ஒரு தம்பதி எட்டு நாணயங்களைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றிப் பிள்ளையின் தலையணையருகே வைத்தார்கள். ஆவி கையை நீட்டியதும் நாணயங்கள் பளீரென்று ஒளிவிட, அது அலறி ஓடியது. அவை மாறுவேடத்தில் வந்த எட்டுச் சித்தர்கள் என்பார்கள். குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தின் கதை இது. ஒரு தாய் தலையணைக்கடியில் வைத்த காப்புதான் அந்த உறை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது நம் வீடுகளுக்குள்ளும் வந்து, தீபாவளிக்கு நம் பிள்ளைகளும் அங்பாவ் கேட்டுக் கை நீட்டுகிறார்கள். உள்ளே எவ்வளவு என்று உடனே பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அவர்களுக்குச் சொல்லித் திருத்துங்கள். கொடுத்தவர் முன்னால் பிரிப்பதைச் சீனக் குடும்பங்கள் மரியாதையாகக் கருதுவதில்லை.

கடன் விஷயம் இன்னும் கனமானது. புத்தாண்டுக்கு முன் கடனைத் தீர்த்துவிட வேண்டும், கடனோடு புது ஆண்டுக்குள் போகக்கூடாது என்பது பழைய வழக்கம். கேட்க நல்ல ஒழுக்கம்தான். ஆனால் தீர்க்க வழியில்லாதவன் என்ன செய்வான்? 1945இல் யெனானில் அரங்கேறிய ‘வெண்கூந்தல் பெண்’ இசைநாடகம் புத்தாண்டுக்கு முந்தைய இரவில்தான் தொடங்குகிறது. ஏழைக் குத்தகை விவசாயி யாங் பாய்லாவ் கடனுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஒளிந்திருந்து, ஆண்டின் கடைசி இரவில் பனியில் வீடு திரும்புகிறார். கையில் கொஞ்சம் மாவு, வாசலில் ஒட்டத் தளபதிகளின் படம், மகளுக்கு ஒரு சிவப்புக் கயிறு. தலைக்குப் பூ வாங்கக் காசில்லை. அந்தக் கயிற்றை அவளுடைய பின்னலில் கட்டிவிடுகிறார். காவலுக்கு ஒட்டிய படம் அந்த வீட்டைக் காக்கவில்லை. பண்ணையாரின் ஆட்கள் வந்து இழுத்துப்போய், மகளை விற்றதாகப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொள்கிறார்கள். விடிவதற்குள் அவர் உயிரை மாய்த்துக்கொள்கிறார். கம்யூனிஸ்ட் கட்சிப் பிரசாரத்துக்கு எழுதிய நாடகம் என்பது உண்மை. ஆனாலும் அந்த முதல் காட்சி பார்த்தவர்களைக் கலங்கடித்ததென்றால், அப்படியோர் இரவை அவர்களில் பலர் அறிந்திருந்தார்கள் என்றுதான் அர்த்தம்.

இவ்வளவுக்கும் நடுவே அடுப்படித் தெய்வம் ஒருவர் இருக்கிறார். அவரை நினைத்தால் மனம் லேசாகிவிடும். ஆண்டு முழுவதும் அடுப்புக்கு மேலே படமாக இருந்து வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர். கடைசி மாதத்தின் 23 அல்லது 24ஆம் நாள் வானுலகுக்குப் போய் அறிக்கை சொல்வார். மாமியார் மருமகள் சண்டை, பதுக்கிய அரிசி, பக்கத்து வீட்டாரை ஏசியது எல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் கிளம்பும் முன் உதட்டில் தேனோ பிசுபிசுத்த மிட்டாயோ தடவி விடுவார்கள்: பேசினால் இனிக்கப் பேசட்டும், இல்லையென்றால் வாய் ஒட்டிக்கொள்ளட்டும். பிறகு படத்தைக் கொளுத்த, புகையோடு மேலே போய்விடுவார். நம் சந்தைகளில் விற்கும் குவே பாக்குலும் அவருக்குப் படைப்பதுதான். பசையரிசி மாவையும் சீனியையும் கலந்து வாழையிலைக்குள் ஊற்றிப் பல மணி நேரம் ஆவியில் வைத்தால் பழுப்பேறிப் பாகாய் இறுகும். சில வாரம் கழித்துக் கெட்டியானதும், சேப்பங்கிழங்குத் துண்டுக்கும் சர்க்கரைவள்ளித் துண்டுக்கும் நடுவே வைத்து மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்று பாருங்கள்.

குடும்பம் கூடும் கடைசி இரவு விருந்தில் முழு மீன் உண்டு. கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். சீன மொழியில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே ஒலி. மீன் கிடைக்காத சில உள்நாட்டு ஊர்களில் மரத்தில் மீன் செதுக்கி மேசையில் வைத்ததாகச் சொல்வார்கள். தின்ன முடியாத மீன். இருந்தாலும் தட்டு காலியாக இருக்கக்கூடாது என்று அதை வைத்திருக்கிறார்கள்.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தப் பெருநாளை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நமக்கோ இது வேலிக்கு அந்தப்பக்கம் நடப்பது. பெருநாளுக்குப் போகிறவர்கள் ஒரு ஜோடி ஆரஞ்சாவது கொண்டுபோய் இரண்டு கையாலும் கொடுங்கள், ஒற்றையாகக் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாள் வீடு தேடிப் போக வேண்டாம், அன்று போனால் வாய்ச்சண்டை வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. சூ ஜெட்டிப் படையலைப் பார்க்க விரும்புவோர் பிப்ரவரி 24ஆம் தேதி இரவு போகலாம். வழிபடுகிறவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

தோட்டத்திலும் கம்பத்திலும் சீனக் குடும்பங்களோடு சேர்ந்து வளர்ந்தவர்கள் நம் வாசகர்களில் ஏராளம். பக்கத்து வீட்டு ஆ மா உங்களுக்குச் சொல்லித் தந்த பழக்கம், பெருநாள் சமயத்தில் “அதைச் செய்யாதே” என்று அதட்டிய விஷயம், அதற்கு அவர் சொன்ன காரணம் என்று எது நினைவிருந்தாலும் எழுதி அனுப்புங்கள். பெருநாளின் கடைசி நாளான சாப் கோ மே, மார்ச் 3. அதற்குள் கடிதம் வந்து சேர்ந்தால் அடுத்த இதழிலேயே போட்டுவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்