கதாநாயகி இல்லாத காதல் கதை!

காதல் கதை என்றால் முடிவில் கல்யாணம் இருக்க வேண்டும். காதலனும் காதலியும் கைகோத்து நிற்க வேண்டும். அப்போதுதான் படிப்பவருக்குத் திருப்தி.

காதலர் இருவருமே ஆண்களாக இருந்தால்? அதுவும் 200 ஆண்டுகளுக்கு முன்பு, அப்படிக் காதலித்தவர்களைத் தூக்கில் போட்ட ஒரு நாட்டில் கதை நடந்தால்? அதை எப்படிச் சுபமாக முடிப்பது?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று இப்படிப்பட்ட நாவல்கள் நிறைய வருகின்றன. ஆவலோடு படிப்பவர்கள் இருக்கிறார்கள். "இது சரித்திரப் புரட்டு" என்று கோபப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சித்தம் கலங்கிய ராஜா

இந்தக் கதைகள் நடக்கும் காலத்துக்கு "ரீஜென்சி" என்று பெயர். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கியது. 1811 பிப்ரவரியில் அவருடைய மூத்த மகன், தந்தைக்குப் பதிலாக நாட்டை ஆளும் பொறுப்பை ஏற்றார். 1820-ல் மன்னர் இறக்கும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது. மொத்தம் ஒன்பதே ஆண்டுகள்!

அந்த ஒன்பது ஆண்டுகளை வைத்து எழுதப்பட்ட காதல் நாவல்களுக்குக் கணக்கே இல்லை. நான்கு குதிரை பூட்டிய கோச்சு வண்டி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடனம். சிடுமூஞ்சிச் சீமான். வாய்த்துடுக்கான ஏழைப் பெண். முதலில் சண்டை, கடைசியில் கல்யாணம்!

இதற்கெல்லாம் வித்திட்டவர் ஜேன் ஆஸ்டின் என்ற பெண்மணி. அவர் அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர். "பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்" என்ற அவருடைய நாவல் 1813-ல் வெளிவந்தது. புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. அதன் உரிமையை அவர் 110 பவுனுக்கு விற்றுவிட்டார். அவர் கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

ஆஸ்டின் கதையில் காதல் இருக்கிறது. காதலுக்கு அடியில் சோற்றுப் பிரச்சினையும் இருக்கிறது. அந்த நாவலில் வரும் தகப்பனாருக்கு ஐந்து பெண்கள். அவர் கண்ணை மூடினால் வீடும் நிலமும் தூரத்து உறவினரான ஓர் ஆணுக்குப் போய்விடும். பெண்களின் கதி? நல்ல இடத்தில் கல்யாணம் ஆனால்தான் உண்டு.

பின்னால் வந்தவர்கள் அந்தக் கதையை விதவிதமாகத் திருப்பி எழுதினார்கள். 2009-ல் ஒருவர் அதில் நடமாடும் பிணங்களைப் புகுத்தினார்! 2013-ல் ஜோ பேக்கர் எழுதிய "லாங்போர்ன்" அதே வீட்டு வேலைக்காரர்களின் கதையைச் சொன்னது. சீமாட்டிகளின் பாவாடையில் ஒட்டிய சேற்றைத் துவைத்தது யார்? அதைத்தான் கேட்டது. 2024-ல் வந்த ஒரு நாவலில் கதாநாயகியே மாறிவிட்டாள். வீட்டார் பெண் என்று நினைக்கும் பிள்ளை, தன்னை ஆண் என்று அறிந்த ஆலிவர் ஆகிறான்.

தூக்குமேடை

"சரித்திரப் புரட்டு" என்பவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆணும் ஆணும் கூடினால் மரண தண்டனை என்று இங்கிலாந்தில் 1533-ல் சட்டம் வந்தது. 1810-ம் ஆண்டு லண்டன் வீர் தெருவில் ஒரு மதுக்கடையில் காவலர்கள் திடீரென்று புகுந்தார்கள். அங்கே இருந்தவர்களைப் பிடித்தார்கள். ஆறு பேரை நடுவீதியில் மரச்சட்டத்தில் கழுத்தும் கையும் மாட்டி நிறுத்தினார்கள். பெரும் கூட்டம் கூடியது. சேற்றையும் அழுகிய முட்டைகளையும் வீசி அவர்களைக் குற்றுயிர் ஆக்கியது.

அதே வழக்கின் தொடர்ச்சியாக 1811 மார்ச் 7-ந் தேதி இரண்டு பேர் தூக்கில் தொங்கினார்கள். ஒருவன் ராணுவத்தில் முரசு அடித்த 16 வயதுப் பையன். இளவரசர் ஆட்சிப் பொறுப்பு ஏற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது!

இந்தக் குற்றத்துக்காகக் கடைசியாக இருவர் தூக்கிலிடப்பட்டது 1835-ல். மரண தண்டனை ஒழிந்தது 1861-ல். வெள்ளைக்காரர்கள் 1860-ல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவும் இந்த மரத்தின் கிளைதான். வயது வந்த இருவர் மனம் ஒத்து வாழ்வது குற்றம் அல்ல என்று நமது சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்தது.

இவ்வளவும் நடந்த காலத்தில் இரண்டு ஆண்கள் சுகமாக வாழ்ந்தார்கள் என்று எழுதலாமா?

கதாசிரியர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்: ஏழைப் பெண்ணை டியூக் கல்யாணம் செய்துகொள்ளும் கதை மட்டும் நிஜமா? டியூக் என்றால் பிரபுக்களில் எல்லாம் பெரிய பிரபு. அரச குடும்பத்தாரைத் தவிர்த்தால், அன்றைக்கு அந்த நாட்டில் 30 பேருக்குள்தான் இருந்தார்கள். நாவல்களிலோ தடுக்கி விழுந்தால் டியூக்! அதைப் புரட்டு என்று யாரும் சொல்வதில்லையே?

சரியான கேள்விதான்.

நல்ல எழுத்தாளர்கள் தூக்குமேடையை மறைப்பதில்லை. கே. ஜே. சார்லஸ் எழுதிய ஒரு நாவலில் ஒருவர் உள்துறை அதிகாரி. மற்றவர் சர்க்காரை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் அச்சிடும் புத்தகக் கடைக்காரர். இன்னார் என்று தெரியாமலே வாராவாரம் சந்திக்கிறார்கள். ஒரு நாள் அதிகாரி ஒரு கடையைச் சோதனை போடப் போகிறார். அங்கே நிற்பது அவர்! மந்திரிகளைக் கொல்ல 1820-ல் லண்டனில் நடந்த நிஜமான சதியும் கதையில் வருகிறது.

இத்தகைய கதைகளில் ஒரு கடிதம் கைமாறினால் உயிர் போகும். வேலைக்காரன் விசுவாசமாக இருக்கிறானா என்பதுதான் பெரிய திகில். கல்யாணம் என்ற முடிவு கிடையாது. ஆகவே வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. ஒருவர் எஜமானர், மற்றவர் காரியதரிசி. ஊருக்கு அது உத்தியோகம், அவர்களுக்கு அது குடும்பம். இந்த வழியைக் கண்டுபிடிப்பதில்தான் கதையின் சுவை. தூக்குமேடை என்று ஒன்று இருந்ததே தெரியாதது போல எழுதிய புத்தகங்களும் உண்டு. அவை உப்பில்லாத பண்டம்.

விவசாயியின் டைரி

"அந்தக் காலத்தில் யாரும் இப்படி நினைத்தே இருக்க மாட்டார்கள்" என்ற வாதமும் உண்டு. அதற்கு ஒரு விவசாயி பதில் வைத்திருந்தார்!

யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த அவர் பெயர் மேத்யூ டாம்லின்சன். கடற்படை டாக்டர் ஒருவரைத் தூக்கிலிட்ட செய்தியைப் படித்துவிட்டு, 1810 ஜனவரியில் டைரியில் தம் குழப்பத்தை எழுதினார். பிறவியிலேயே வரும் சுபாவம் என்றால் அது கடவுள் கொடுத்தது அல்லவா, அதற்கு மரண தண்டனையா என்பது அவர் சந்தேகம். தீர்மானமான முடிவுக்கு அவர் வரவில்லை. ஆனாலும் கேள்வி கேட்டார். வேக்ஃபீல்டு நகர நூலகத்தில் கிடந்த அந்தப் பக்கங்கள் 2020-ல்தான் செய்தியாயின.

2024-ல் தகராறு வேறு பக்கம் கிளம்பியது. ஜூலியா குவின் நாவல்களைத் தழுவிய "பிரிட்ஜர்டன்" டெலிவிஷன் தொடரில், மைக்கேல் என்ற ஆண் பாத்திரத்தை மைக்கேலா என்ற பெண்ணாக மாற்றினார்கள். அவளைக் காணும் பிரான்செஸ்காவுக்குப் பேச்சு வரவில்லை. புத்தகத்தில் பிரான்செஸ்கா கணவனை இழந்து, குழந்தைக்காக ஏங்குகிறவள். "அந்த ஏக்கம் இனி என்ன ஆகும்?" என்று பழைய வாசகிகள் வருந்தினார்கள். குழந்தை இல்லாத பெண்கள் பலருக்கு அது தங்கள் சொந்தக் கதை. அந்த வருத்தத்தை வெறும் வெறுப்பு என்று தள்ள முடியாது. "எங்களுக்கும் ஒரு கதை வந்ததே" என்று மற்றொரு பக்கம் மகிழ்ந்தவர்களும் உண்டு. தாம் சம்மதித்தே மாற்றம் நடந்தது என்றார் குவின்.

இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கு நிஜமான சான்றே இருக்கிறது. பெண்களின் காதலைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் அங்கே இல்லை. அயர்லாந்தைச் சேர்ந்த எலினார் பட்லர், சேரா பான்சன்பி என்ற இருவர் 1778-ல் வீட்டை விட்டு ஓடினார்கள். வேல்ஸில் லாங்கோலன் என்ற ஊரில் குடியேறினார்கள். கவிஞர்களும் பிரபுக்களும் அவர்களைத் தேடி வந்து பார்த்தார்கள். 1829-ல் எலினார் இறக்கும் வரை, ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள்.

1822-ல் யார்க்‌ஷயர் சீமாட்டி ஆன் லிஸ்டர் அங்கே போனார். அவரும் பெண்களையே நேசித்தவர். தம் காதல்களைச் சங்கேத எழுத்தில் டைரியாக எழுதி வைத்தவர். எலினாருக்கு அப்போது உடல்நலம் இல்லை. சேரா மட்டும் பேசிக்கொண்டிருந்தார். அந்த இருவரும் வெறும் தோழிகள்தானா, அதற்கு மேலா? வீடு திரும்பிய லிஸ்டருக்கு அதே யோசனை. அதையும் டைரியில் எழுதினார்.