விடுதி மாணவரும் மூளைக்காய்ச்சல் அபாயமும்

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் காலி சிறைச்சாலைக் கைதிகள் இருவர் காய்ச்சலுக்குள்ளாகி உயிரிழந்தனர். மூளையுறையையும் குருதியையும் தாக்கும் மெனிங்கோகோக்கஸ் பற்றீரியாவே அதற்குக் காரணமெனக் கண்டறியப்பட்டது. நெரிசல் எத்தகைய ஆபத்தைக் கொண்டுவரும் என்பதனை அச்சம்பவம் உணர்த்தியது. அந்த நெரிசல் சிறைக்கூடங்களுக்கு மாத்திரம் உரியதன்று. எமது பிள்ளைகள் தங்கிக் கற்கும் விடுதிகளிலும் உண்டு.

இக்கிருமி சுமார் பத்துப் பேரில் ஒருவரது தொண்டையில் எத்தீங்கும் செய்யாது தங்கியிருக்கின்றது. இளைஞரிடையே இது இன்னும் அதிகம். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1997இல் புதுமுக மாணவரை ஆராய்ந்தபோது, முதல் நாளில் சுமார் 7 சதவீதமானோரிடம் காணப்பட்ட கிருமி நான்காம் நாளில் 23 சதவீதமானோரிடம் காணப்பட்டது. நெருக்கமான பழக்கம், புகைபிடித்தல், பிறர் விடும் புகையைச் சுவாசித்தல், தடிமன் முதலான சுவாச நோய்கள் ஆகியன இதற்கு ஏதுவானவையாகும்.

புத்தளத்துக்கு நெருக்கடியான வாழ்வு புதியதன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஆண்டுக்கணக்கில் ஓலைக் குடிசைகளில் நெருங்கி வாழ்ந்த மண் இது. இன்றும் பாடசாலை விடுதிகளிலும் அறபுக் கல்லூரிகளிலும் மாணவர் அருகருகே உறங்குகின்றனர். ஹஜ், உம்ரா சென்று திரும்புவோரும் இம்மாவட்டத்தில் பலர். 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜின் பின்னர் இந்நோய் யாத்திரிகர் வாயிலாக அவர்தம் வீட்டாருக்கும் பரவியது. 2024இல் உம்ராவுடன் தொடர்புடையவர்களாக மூன்று மேலைநாடுகளில் அறியப்பட்ட 12 நோயாளரில் 9 பேர் தடுப்பூசி பெறாதவர்கள். பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்னரேனும் தடுப்பூசி பெறவேண்டும் என்ற சவூதி அரேபியாவின் விதியை வெறும் சடங்காகக் கருதலாகாது.

கிருமியைச் சுமப்பவர் நோயாளியுமல்லர், குற்றவாளியுமல்லர். அவரைத் தேடிப் பிடித்து ஒதுக்குவதனால் பயனில்லை. அச்சத்தினால் நோயை மறைக்கும் நிலையே உருவாகும். மாற்றவேண்டியது சூழலையே. படுக்கைகளுக்கிடையே போதிய இடைவெளியும் காற்றோட்டமும் வேண்டும். விடுதி வளவில் எவரும் புகைக்க இடமளிக்கலாகாது. கடுங்காய்ச்சலுடன் கழுத்து விறைப்போ, அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகளோ தோன்றுமாயின் விடியும்வரை காத்திராது உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இந்நோய் ஒரே நாளில் உயிரைப் பறிக்கவல்லது.

பிள்ளைகளை நம்பிக்கையுடன் ஒப்படைத்த பெற்றோருக்கு விடுதி நிர்வாகங்களும் சுகாதாரப் பகுதியினரும் ஆற்றவேண்டிய கடமை இதுவென நாம் கருதுகின்றோம்.