‘புதுசா ஒண்டு வாங்கு புள்ள’ எண்டு சொல்றவங்களுக்கு

இது ஒரு பழைய டெஸ்க்டொப்புக்காக எழுதுற கட்டுரை. சிரிக்கிறவங்க சிரிச்சிட்டு வாங்க, நான் நிக்கிறன்.

எங்கட வீட்டில இருக்கிறது 2010 அளவில வந்த ஒரு மெல்லிய பெட்டி. நாலு யூஎஸ்பி போட்டில ரெண்டு செத்துப்போச்சு. மிச்சம் ரெண்டும் கீபோட்டுக்கும் மவுசுக்கும். இறுதி வருட ஆய்வுக்காகப் படுவான்கரையில ஒரு அண்ணாவியாரிடம் பதிவு செய்த வடமோடிக் கூத்துப் பாட்டுகள் முழுக்க என்ர போனில கிடந்தது. அதை ஹாட் டிஸ்க்கில ஏற்ற வேணும். அவ்வளவுதான் தேவை.

கடையில கேட்டன். “புள்ள, இதெல்லாம் பழைய சாமான், ஒண்டும் செய்ய ஏலாது. புதுசா ஒண்டு வாங்கு.” வேற கடையில ஒரு காட் தந்தாங்க. எந்தப் பெட்டி, எந்த ஸ்லொட், எந்த விண்டோஸ் எண்டு ஒரு கேள்வியும் இல்ல. வீட்ட வந்து பார்த்தா, காட்டின்ர இரும்புத் தகடு பெட்டியை விட உயரம். தகட்டைக் கழட்டிப் பூட்டினா, விண்டோஸ் 7க்கு ட்ரைவர் இல்ல. காசும் போச்சு, ஒரு கிழமையும் போச்சு.

ஒருத்தர் ‘ஏலாது’ எண்டார். மற்றவர் ‘எல்லாம் ஏலும்’ எண்டார். ரெண்டு பேருமே பெட்டியைத் திறந்து பார்க்கல்ல. என்ர கோபம் அதில்தான்.

திறந்து பார்த்தால் விளங்கிற விசயம் இது. ஒரு பக்க மூடியைக் கழட்டுங்க. நீளமான, பெரும்பாலும் வெள்ளை நிற ஸ்லொட் எண்டால் அது பழைய பிசிஐ. அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 133 மெகாபைட், அதையும் மற்ற காட்டுகளோட பங்கு போட வேணும். அதில யூஎஸ்பி 2 காட் போட்டாலே போதும். சின்னஞ்சிறு ஸ்லொட் எண்டால் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. அதன் முதல் தலைமுறையே 250 மெகாபைட் தரும். யூஎஸ்பி 3 காட்டின் முழு வேகம் அதில வராது. ஆனா சாதாரண வெளி ஹாட் டிஸ்க் ஓடுறதே 100 மெகாபைட் அளவில, அதுக்கு இது தாராளம்.

அடுத்தது உயரம். மெல்லிய பெட்டிக்கு 8 சென்ரிமீற்றர் அளவான குட்டைத் தகடு வேணும். பிறகு மின்சாரம். ஒரு யூஎஸ்பி 3 போட் 900 மில்லிஅம்பியர் வரை குடுக்க வேணும், அதாவது 4.5 வாட். நாலு போட்டும் முழுசா இழுத்தால் 18 வாட். எக்ஸ்1 ஸ்லொட்டில வழமையாக் கிடைக்கிறது 10 வாட்தான். அதனால பவர் சப்ளையிலிருந்து தனி வயர் பூட்டுற இடமுள்ள காட்டை எடுங்க. இல்லாட்டி ஹாட் டிஸ்க் நடுவில கழண்டு, பாதிப் பதிவோட நிக்கும்.

கடைசியா சிப். பெட்டியின் பளபளப்பைப் பார்க்காம, ரெனெசாஸா, வியாவா, ஏஎஸ்மீடியாவா எண்டு கேளுங்க. பிறகு அந்தச் சிப் இலக்கத்துக்கு உங்கட விண்டோஸில ட்ரைவர் இருக்கா எண்டு வாங்க முதல் தேடுங்க. விண்டோஸ் 8இலிருந்துதான் யூஎஸ்பி 3 உள்ளுக்கே வந்தது. லினக்ஸில 2009இலேயே வந்திட்டு. ஒண்டு ஞாபகம் வையுங்க: கீபோட்டைப் பழைய போட்டிலேயே விடுங்க. புதுக் காட்டில கொழுவினா பயோஸுக்குள்ள போகேக்க வேலை செய்யாமப் போகலாம்.

‘பழசைக் கட்டிப்பிடிக்கிறது சோம்பேறித்தனம்’ எண்டு ஒரு நண்பன் சொன்னான். பாதி சரி. பிசிஐ மட்டும் உள்ள, ரெண்டு ஜிபி ரேமும் இல்லாத பெட்டிக்கு நான் காசு செலவழிக்கச் சொல்லமாட்டன். விண்டோஸ் 7ஐ இணையத்தில விடுறதும் ஆபத்து. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சு போச்சு. நானும் கடைசியில லினக்ஸுக்கு மாறினன், அதுக்குப் பிறகு அதே காட் ட்ரைவர் கேட்காமலே வேலை செய்தது. ஆனா 2022இல ரூபா விழுந்து ஒரு லப்டொப்பின் விலை எங்க போய் நிண்டது எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகும் ‘புதுசு வாங்கு’ எண்டு சொல்றது அறிவுரை இல்ல, வாங்க ஏலாதவனைப் பார்த்துக் கதவைச் சாத்துறது.

கடைக்காரரிட்ட நான் கேட்கிறது பெரிசா ஒண்டும் இல்ல. காட்டின் சிப் பெயர், தகட்டின் அளவு, எந்த விண்டோஸ் எண்டு ஒரு துண்டில எழுதி ஒட்டுங்க. பொருந்தாட்டித் திருப்பி எடுங்க. எங்கட பொடியள், பொட்டையளிட்ட கேட்கிறது: ஒரு ஸ்க்ரூ ட்ரைவர் வாங்குங்க. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது ஏலாது எண்டு யார் சொன்னது?

1978 சூறாவளியும் 2004 சுனாமியும் இந்தக் கரையில எத்தனை வீட்டு ஏடுகளையும் படங்களையும் கொண்டு போனது எண்டு எங்கட பெரியவங்க சொல்லுவாங்க. அண்ணாவியாரின் குரல் இப்ப ரெண்டு ஹாட் டிஸ்க்கில இருக்கு. ஒண்டு எங்கட வீட்டில, மற்றது வாவிக்கு அந்தப் பக்கம், அவரின் பேத்தியிட்ட. ரெண்டும் ஏறினது அந்தச் ‘செத்த’ பெட்டியிலதான்.