நெற்றிக் கோடும் நான்கு மாதக் கணக்கும்

திருமலைக்குப் போகிறவர்கள் அழகைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள். கல்யாணக் கட்டாவில் ஆண், பெண், குழந்தை என்ற பேதமில்லாமல் முடி இறக்குகிறார்கள். அந்த முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அடிவாரத்தில் நடப்பது வேறு. திருப்பதி நகரில் தோல், முடி, அழகு மூன்றையும் ஒரே பெயர்ப் பலகையில் எழுதிய கிளினிக்குகள் வந்துவிட்டன. சித்தூர்க்காரர்களுக்குத் திருப்பதி இல்லையென்றால் வேலூர் இருக்கிறது. அதுவும் போதாதென்றால் சென்னையும் பெங்களூரும் பஸ் தூரம்தான். சினிமாக்காரர்களின் ரகசியம் என்று ஒரு காலத்தில் கிசுகிசுக்கப்பட்ட போடாக்ஸ் ஊசியை, இன்று நாற்பதை நெருங்கும் பள்ளி ஆசிரியையும் வங்கி ஊழியரும் ஜவுளிக்கடை முதலாளியும் யோசிக்கிறார்கள்.

யோசிக்கிறார்களே தவிர, வீட்டில் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம். “இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?” என்று கேட்கிறவர் மாதம் ஒருமுறை தலைக்கு டை அடிக்கிறவராக இருப்பார். நரைக்கு மை பூசுவதை ஏற்றுக்கொண்ட குடும்பம், திரைக்கு ஊசி போடுவதை ஏற்கத் தயங்குகிறது. நரையையும் திரையையும் ஒரே மூச்சில் சொல்வது தமிழ் வழக்கு. அவற்றில் ஒன்று நியாயம், மற்றது ஆடம்பரம் என்று எந்த நியாயத்தில் பிரிப்பது?

ஊசியை நாடுகிற எல்லோரும் இளமை வேஷம் போட ஆசைப்படுகிறவர்களும் இல்லை. புருவங்களுக்கு நடுவே செங்குத்தாக இரண்டு கோடுகள் விழுந்தவர்களை எதிரில் இருப்பவர்கள், “என்ன கோபம்?”, “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கோபமே இல்லாதவர் இதற்குத் தினமும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் உத்தியோகங்களில் இது சின்ன விஷயமல்ல. எனவே கேலியை ஒதுக்கிவிட்டு விவரத்தைப் பார்ப்பதே முறை.

போடாக்ஸ் பிறவியில் ஒரு விஷம். ஜெர்மனியின் கவிஞரும் மருத்துவருமான யுஸ்டினுஸ் கெர்னர், கெட்டுப்போன சாசேஜைத் தின்று செத்தவர்களைப் பற்றி 1820களில் விரிவாக எழுதினார். நரம்புகளின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் இந்த விஷம் தடுக்கிறது என்று கண்ட அவர், மிகச் சிறிய அளவில் இதுவே மருந்தாகலாம் என்றும் ஊகித்தார். 1895ல் பெல்ஜியத்தின் ஒரு கிராமத்தில், சாவுக்கு வாசிக்க வந்த வாத்தியக் குழுவினர் பன்றி இறைச்சி சாப்பிட்டு நோயில் விழுந்தனர், மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கெம் அதை ஆராய்ந்து, விஷத்தை உண்டாக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

கெர்னரின் ஊகம் பலிக்க நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. சான் ஃபிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணைக் கத்தியின்றிச் சரிசெய்ய இந்த நச்சைக் குரங்குகளிடமும் பிறகு மனிதர்களிடமும் சோதித்தார். 1989ல் அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் இதை மருந்தாக அங்கீகரித்தது. சுருக்கம் மறைவது தற்செயலாகத் தெரியவந்த செய்தி. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்மணி, ஊசி போட்டால் தன் முகம் கவலையற்றுத் தெரிகிறது என்று 1987ல் சொன்னார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து ஜீன் இதை ஆராய்ந்து 1992ல் கட்டுரை வெளியிட்டார். புருவ நடுக் கோடுகளுக்கு 2002லும், கண்ணோரக் கோடுகளுக்கு 2013லும், நெற்றிக் கோடுகளுக்கு 2017லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பக்கவாதத்துக்குப் பின் விறைத்த கை, மூளை வாதம் உள்ள குழந்தையின் இறுகிய கால், தீராத ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுக்கும் இதே மருந்துதான்.

ஊசி தோலை இழுப்பதில்லை. தோலுக்கு அடியிலுள்ள தசையை ஓய்வெடுக்க வைக்கிறது. மூன்று முதல் ஐந்து நாளில் பலன் தெரியத் தொடங்கும். இரண்டு வாரத்தில் முழுமையடையும். மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும். திருமலையில் மொட்டை போட்டவர் மீண்டும் தலை சீவத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். கண்ணாடி முன் நின்று ஒரு பரீட்சை செய்யலாம். முகத்தைச் சுளித்தால் மட்டும் தோன்றி, விட்டதும் மறைகிற கோடு என்றால் ஊசி நன்றாக வேலை செய்யும். சும்மா இருக்கும்போதும் பள்ளமாகத் தெரிகிற கோடு என்றால் ஓரளவுதான் குறையும். தொங்கும் கன்னத்தையும் கண்ணுக்குக் கீழுள்ள பையையும் இந்த ஊசி தூக்கி நிறுத்தாது.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. கறுப்பும் மாநிறமுமான தோலில் வெயிலின் அடையாளம் முதலில் சுருக்கமாக வருவதில்லை. நிறம் மாறித்தான் வருகிறது. வெள்ளைத் தோலைவிட நம் தோலில் சுருக்கம் தாமதம், மங்கு சீக்கிரம். தெலுங்கிலும் அதற்கு மங்கு என்றுதான் பெயர். கன்னத்தில் மங்கு படர்ந்து முகம் வயதேறித் தெரிகிறவருக்கு நெற்றியில் ஊசி போட்டுப் பயனில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வெளுப்புக் களிம்புகள் நிலைமையை இன்னும் கெடுக்கும். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. நாட்பட்டால் தோல் மெலிந்து சிவந்துவிடும். முதலில் தோல் மருத்துவரிடம் நோய் எது, வயது எது என்று பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு அழகு கிளினிக் தேவையில்லை. திருப்பதியில் மக்கள் ரூயா என்றே அழைக்கும் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவே போதும்.

வெயில் செய்கிற வேலைக்கு ஒரு மனிதரின் முகமே சாட்சி. இருபத்தெட்டு ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கரின் படத்தை 2012ல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. ஜன்னல் பக்கமிருந்த இடக் கன்னம் தடித்து மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வலக் கன்னம் பல வயது இளமையாக இருந்தது. நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால் பக்கம் மாறும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டு கவனித்து 2013ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களிடம், விருப்பம்போல் பூசியவர்களைவிடத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவாக இருந்தது. சித்தூர் வெயிலில் இரு சக்கர வாகனத்தில் போகிறவருக்குக் குடை பயன்படாது. களிம்பும் முகத்தை மூடிய துணியும் பயன்படும். புகை பிடிப்பதை விடுவதும் இந்தப் பட்டியலில் சேரும்.

“கோடு விழும் முன்பே போட்டுக்கொண்டால் கோடே விழாது” என்பது முப்பது வயதுக்காரர்களிடம் சொல்லப்படும் விற்பனை வாக்கியம். இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2006ல் வெளியான ஒரு கட்டுரை. ஒரே அச்சான இரட்டைச் சகோதரிகளில் ஒருவர் 13 ஆண்டுகள் தொடர்ந்து ஊசி போட்டுக்கொண்டார். மற்றவர் இரண்டே முறை. முன்னவரின் நெற்றி மழுமழுவென்று இருந்தது உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு ஜோடி. ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸிலும் மற்றவர் மியூனிக்கிலும் வாழ்ந்தவர்கள். அதை வைத்து முப்பது வயதில் ஆயுள் சந்தா கட்டுவது அவசரம்.

சந்தா என்பது வெறும் உவமை அல்ல. கிளினிக்குகள் பெரும்பாலும் யூனிட் கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. புருவ நடுவுக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவு 20 யூனிட். யூனிட்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒருமுறைக்கு 6,000 ரூபாய். ஆண்டுக்கு மூன்று முறை என்றால் 18,000. பத்து ஆண்டில் 1,80,000. நெற்றிக்கு 20, கண்ணோரங்களுக்கு 24 யூனிட் சேர்ந்தால் மொத்தம் 64. அப்போது ஆண்டுச் செலவு 57,600 ரூபாய். அழகுக்கான சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. நிறுத்தினால் முகம் முன்னைவிட மோசமாகிவிடும் என்பது கட்டுக்கதை. பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவே. ஆனால் பழைய முகத்தை மறந்துபோனவருக்கு அதுவே மோசமாகத் தோன்றும். செலவு தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணத்தைவிடப் பெரிய கேள்வி, ஊசி பிடிக்கும் கை யாருடையது என்பது. 1940ன் மருந்து, அழகுப் பொருள் சட்டப்படி அழகுப் பொருள் என்பது உடம்பில் தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது போன்றவைதான். உடலுக்குள் செலுத்தும் ஊசி அந்தக் கணக்கில் வராது, அது மருந்து. பார்லரில் ஃபேஷியலோடு சேர்த்துப் போடுகிற சமாசாரம் அல்ல. 2004ல் ஃபுளோரிடாவில், மனிதருக்கு உரியதல்லாத ஆய்வுக்கூட நச்சை ஊசியாகப் போட்டதில், போட்டவர் உட்பட நால்வர் வாதம் கண்டு மூச்சுக் கருவியின் தயவில் கிடந்தனர். 2024லும் போலி போடாக்ஸ் பற்றி அமெரிக்க அரசு எச்சரிக்க வேண்டி வந்தது. எனவே கேட்கவேண்டியவற்றைக் கூசாமல் கேட்கலாம். போடுகிறவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா? குப்பி கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா? எந்தக் கம்பெனி, எத்தனை யூனிட், காலாவதித் தேதி என்ன? (ஒரு கம்பெனியின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமல்ல.) மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்ததா? கரைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று? பில்லில் இதெல்லாம் எழுதித் தருவார்களா?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்கவேண்டும். மையஸ்தீனியா போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இதன் வீரியத்தைக் கூட்டலாம். தலைவலியும் ஊசி குத்திய இடத்தில் கன்றிப்போவதும் சாதாரணம். சிலருக்கு ஓர் இமை சில வாரங்கள் தொங்கிவிடுவதும் உண்டு. போட்டதைத் திரும்ப எடுக்க மாற்று மருந்து கிடையாது. கரையும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மகள் கல்யாணத்துக்காக முதல்முறை போட நினைக்கும் தாய், முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் போட்டுக்கொண்டு போட்டோவில் ஒரு கண் சரிந்து நிற்பதைவிட, இரண்டு மாதம் முன்பே போட்டுப் பார்த்துக்கொள்வது மேல். விழுங்கவோ மூச்சுவிடவோ பேசவோ சிரமம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

முகம் பேசுகிற தொழில்களில் இருப்பவர்கள் இன்னும் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். மேடையில் புருவம் பாதி அபிநயத்தைச் செய்கிறது. வகுப்பில் ஆசிரியை புருவத்தை ஏற்றினால் பிரம்பில்லாமலே கடைசி பெஞ்சு அடங்குகிறது. அளவு மிஞ்சினால் கோட்டோடு இந்தப் பேச்சும் போய்விடும். குறைவாகப் போடச் சொல்வதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு.

புறநானூற்றின் 191வது பாட்டில் பிசிராந்தையார், ஆண்டு பல ஆகியும் தமக்கு நரை வராததற்குக் காரணம் சொல்கிறார்: நல்ல மனைவி மக்கள், சொல்வதறிந்து நடக்கும் ஏவலர், முறைதவறாத அரசன், சான்றோர் வாழும் ஊர். இவற்றில் ஒன்றைக்கூட எந்தக் கிளினிக்கும் யூனிட் கணக்கில் விற்பதில்லை. நாற்பது வயதில் கண்ணாடி முன் நிற்பவர் தம்மைத் தாமே கேட்கவேண்டியதும் இதை ஒட்டியதுதான். உறுத்துவது கோடா, கோட்டைப் போட்ட கவலையா? கோடுதான் என்றால், தகுதியான மருத்துவரும் கையில் உபரிப் பணமும் இருந்தால், போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேண்டாம் என்று விடுவதிலும் இழப்பு ஒன்றுமில்லை. கவலைதான் என்றால், ஊசியின் பலன் தீர்ந்த நான்காவது மாதம் அது அதே இடத்தில் காத்திருக்கும்.